சாலைக்கு ஊசி போடுகிறவள்

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். படித்தது பொதுச் சுகாதாரம். அது டாக்டர் வேலையும் இல்லை, நர்ஸ் வேலையும் இல்லை என்று அம்மாவுக்கு விளக்கி விளக்கி நாக்கு வறண்டதுதான் மிச்சம். போதாக்குறைக்கு, வேலை கிடைத்தது ஆஸ்பத்திரியில் அல்ல. எங்கே வீடு, எங்கே சாலை, எங்கே பஸ் என்று முடிவு செய்கிற திட்ட அலுவலகத்தில். “ரோட்டுக்கு ஊசி போடுறா” என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தாள். யோசித்துப் பார்த்தால், அதைவிடத் தெளிவாக அவளாலும் சொல்ல முடியவில்லை.

அலுவலகத்திலும் அதே கதைதான். திட்டங்களில் மக்களின் உடம்பையும் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று மேலிடம் சொன்னதால் அவளைப் போட்டார்கள். ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் ஒரு மேசை கொடுத்துவிட்டு மறந்தும் போனார்கள். அவள் பையில் பிரஷர் பார்க்கும் கருவி இருப்பது தெரிந்த பிறகுதான் மேசையைச் சுற்றிக் கூட்டம். தலைமை அதிகாரி காலையில் வந்ததும் கையை நீட்டிவிடுவார். தன் பிரஷரைப் பற்றி அவருக்கு, வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பெற்றவரின் பெருமை. நடைபாதை, புகை, மூச்சு என்று அவள் பேச்செடுத்தால் மட்டும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நழுவிவிடுவார். இதற்கா இத்தனை படித்தோம் என்று தண்ணீர்க் கேனைப் பார்த்துக் கேட்டுக்கொள்வாள்.

அப்போதுதான் புதிய சுகாதார நிலையத்தின் வரைபடம் வந்தது. பஸ் ஸ்டாப் பைபாஸுக்கு இந்தப் பக்கம்; அதை ஒட்டிய அரசு நிலம் கார் நிறுத்துவதற்கு. சுகாதார நிலையமோ அந்தப் பக்கம். மூட்டுவலிக்கார அம்மாவும் தெருவில் பாதிப் பேரும் இனி பைபாஸைக் கடந்து அங்கேதான் மாத்திரை வாங்கப் போயாக வேண்டும். அவள் எடுத்துச் சொன்னபோது தலைமை அதிகாரி தாளில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார்.

“நேர் எதிர்லதானேம்மா இருக்கு? நகத்தளவு தூரம்.”

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிக் கையெழுத்தை அறையில் உட்கார்ந்து போடமாட்டார்கள். கட்டடம் வரப்போகிற மண்ணில் நின்று, ஜீப் பானெட்டின் மேல் வரைபடத்தை விரித்துத்தான் போடுவார்கள். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: ஜீப் வரைபடத்தோடு முன்னால் போகட்டும், நாம் நோயாளிகள் வருகிற மாதிரி பஸ்ஸில் போவோம். பஸ்ஸில் ஏறி வெகுகாலமான தலைமை அதிகாரி சுற்றுலா போகிற குஷியில் சம்மதித்தார். சாலைப் பொறியாளர், தன் சாலையில் பஸ் வழுக்கிக்கொண்டு போவதைக் காட்ட, ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கினார்கள். நேர் எதிரில் ஜீப் நின்றது. டிரைவர் வரைபடத்தைச் சுருட்டிக் கொடி மாதிரி ஆட்டினார். நடுவில் லாரிகள் ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எப்படியோ ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடி, நடுத்திட்டில் ஏறிவிட்டார்கள். அதற்குமேல் ஓர் அடிகூட நகர முடியவில்லை.

“யாருய்யா இந்த ரோட்ட இவ்ளோ அகலமா போட்டது?” என்றார் தலைமை அதிகாரி.

பொறியாளர் திட்டில் நட்டிருந்த அரளிச் செடியை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்.

அவள் பையைத் திறந்தாள். “சும்மாதானே நிக்கிறோம் சார், கைய நீட்டுங்க.”

நீட்டினார். எண்ணைப் பார்த்ததும், பெற்ற பிள்ளை பெயிலாகிவிட்ட முகம். கருவி ரிப்பேர் என்று பொறியாளரின் கையில் கட்டச் சொன்னார். பொறியாளருடையது அதற்கும் மேலே போனது. தலைமை அதிகாரிக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு திட்டிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவளுக்கும் அடக்க முடியவில்லை. லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

சைகை காட்டி ஜீப்பை வரச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கே திரும்ப ஓடினார்கள். திரும்புவதற்கு இடம் தேடி எங்கெங்கோ சுற்றிய ஜீப் ஒருவழியாக வந்து சேர்ந்து, ஸ்டாப்பை ஒட்டிய காலி மனையில் நின்றது. தலைமை அதிகாரி பானெட்டில் வரைபடத்தை விரித்தார். பேனாவை எடுத்தவர், காலடி மண்ணை ஒருமுறை பார்த்தார்.

“வழக்கப்படி, நிக்கிற இடத்துக்குத்தான் கையெழுத்து, இல்லையா?”

கார் நிறுத்துமிடத்தை அடித்து, சுகாதார நிலையம் என்று எழுதினார்.

“அப்ப காருங்க சார்?” என்றார் பொறியாளர்.

“அந்தப் பக்கம் நிக்கட்டும்யா. அதுங்களுக்கு மூட்டுவலியா வரப்போகுது?”

சாயங்காலம் அம்மா வழக்கம்போலக் கேட்டாள். “இன்னிக்கு என்னடி பண்ண?”

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் இடுப்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். “ரோட்டுக்கு ஊசி போட்டேம்மா. கையெழுத்தும் வாங்கிட்டேன்.”

“முட்டி, முட்டி, மெதுவாடி” என்று அம்மா கத்தியது பக்கத்து வீடுவரை கேட்டது.