பதினொரு ஃபேனும் ஓர் ஆயாவும்

எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் இரண்டே அறைகள். ஃபேன்கள் மட்டும் பதினொன்று. ஓசூருக்குக் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த எண்பதுகளின் காலம் அது. ஷிப்டுக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து நடத்தினோம். பொருளாளர் பதவி என் தலையில் விழுந்தது. வேறு யாரும் கை தூக்கவில்லை.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ஒன்றிரண்டு கம்பெனி மேனேஜர்கள் புது ஃபேனோடு வந்து நிற்பார்கள். றெக்கையில் கம்பெனி பெயர், கீழே 'உபயம்' என்று சிவப்பு பெயிண்ட். அந்தப் பணத்தை ஆயாவுக்குச் சம்பளமாகக் கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். சம்பளத்தில் பெயரை எங்கே எழுதுவது என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். ஓசூர் குளிருக்கு ஒரு ஃபேனே அதிகம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. சொத்து மதிப்பு வருடாவருடம் ஏறியது. சங்கம் நல்ல நிலையில் இருக்கிறது என்று ஆடிட்டர் முதுகில் தட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் ஆயாவுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. இருபது பிள்ளைகளையும் தமிழில் அதட்டி, தெலுங்கில் சோறூட்டி, கன்னடத்தில் தூங்கவைப்பவள் அவள் ஒருத்திதான். கம்பெனி கேண்டீன் ஒன்றில் அவளை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் போனால் காப்பகத்துக்குப் பூட்டுதான்.

நாலு ஃபேனை விற்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். கொடுத்தவர் வந்து மேலே பார்த்தால் என்ன சொல்வது என்று பதறினார்கள். வருகிறவர்கள் பிள்ளைகளைப் பார்க்கிறார்களோ இல்லையோ, தங்கள் ஃபேனைப் பார்ப்பார்கள், அது உண்மைதான். அந்த ஆத்திரத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் நானே ஏணி போட்டு மூன்றைக் கழற்றினேன். பஜாரில் பழைய சாமான் வாங்கும் பாய், றெக்கையில் இருந்த பெயரைச் சுரண்டும் கூலியையும் கழித்துக்கொண்டுதான் பணம் தந்தார்.

இரண்டு மாதச் சம்பளம் தேறியது. மறுநாள் அதை ஆயாவிடம் பெருமையாக நீட்டினேன். அவள், மேலே தொங்கிய வெறும் ஒயர்களைப் பார்த்தாள், பிறகு பணத்தைப் பார்த்தாள்.

"வர்ற மாசத்துக்கு எதக் கழட்டுவீங்க சார்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஆறு வருடம் பொருளாளராக இருந்தும் இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை, என்னிடம்கூட. வெட்கமாக இருந்தது. கேண்டீன் வேலைக்கே போய்விடம்மா என்று நானே சொல்லிவிட்டேன்.