அப்பாவுக்கு எடுத்துப் போன திருநீறு

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆனி மாத மழையில், தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏறும் ரோட்டில் நடந்தது இது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து நானும் தம்பியும் அவனுடைய மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். நுவரெலியா ஆஸ்பத்திரியில் அப்பா யாரையும் உள்ளே விடாத வார்டில் கிடந்தார். காலையில் அங்கிருந்து போன் வந்தது. பிள்ளைகள் இருந்தால் உடனே வரச் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். மரம் விழுந்து பஸ் ஓடவில்லை, ஆட்டோக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

கிளம்பும்போது லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் இருந்து ஒரு பிடி திருநீறு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன். அப்பா நெற்றியில் பூசிவிட வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

முதல் ஏற்றத்திலேயே என்ஜின் சூட்டைக் காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்தது. தம்பி நிறுத்தி, மலையிலிருந்து ரோட்டோரம் கொட்டும் பீலித் தண்ணீரைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றினான். அடுத்து வந்த இறக்கத்தில் விளக்கு அணைந்தது. “பாத்தியா, சரியாப் போச்சு” என்றான். இறக்கம் வந்தால் என்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா உருட்டிக்கொண்டு போவது அவன் வழக்கம். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பழகியது, வரிசை போன பிறகும் பழக்கம் போகவில்லை. அணைத்து வைத்தால் எந்த என்ஜின்தான் ஆறாது? மறுபடி ஏற்றம், மறுபடி சிவப்பு. மூன்றாவது முறை வண்டி நின்றே போனது.

எங்கேயோ ஒழுகுகிறது, அது மட்டும் நிச்சயம். எங்கே என்பதுதான் தெரியவில்லை. தூறலும் பனியுமாக வண்டி முழுக்க நனைந்து சொட்டியது. ரேடியேட்டருக்கென்று விற்கிற பச்சைக் கூலன்ட்டை ஊற்றியிருந்தால் ஒழுகும் இடம் பச்சையாகக் காட்டிக் கொடுத்திருக்கும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. மலையெல்லாம் தண்ணீர் கொட்டும்போது அதைப் போய் யாராவது கடையில் வாங்குவார்களா? தம்பியும் மாதக்கணக்கில் பீலித் தண்ணீர்தான் ஊற்றியிருந்தான். மழைத் தண்ணீரில் பீலித் தண்ணீரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு குழாயாகத் தடவித் தடவிப் பார்த்தான். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அப்போது மேலே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு ஒருவர் கத்தியோடு இறங்கி வந்தார். எங்களைப் பார்த்து நின்றார்.

“என்னா தம்பி, எங்க போறீங்க?”

“ஆஸ்பத்திரிக்குங்க. அப்பாவுக்கு முடியல.”

அவர் உடனே கத்தியைக் கீழே வைத்தார். தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து, வண்டிமேல் தூறல் விழாமல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். தான் நனைந்துகொண்டே நின்றார்.

தம்பி என் சால்வையால் என்ஜினைத் துடைத்தான். அழுத பிள்ளைக்குப் பவுடர் போட்டால் கண்ணீர் வழிகிற தடம் தெரியுமே, அது எனக்கு ஞாபகம் வந்தது. மடியில் இருந்த பொட்டலத்தை எடுத்தேன்.

“அக்கா, அது அப்பாவுக்கு…”

“போய்ச் சேந்தாத்தானடா அப்பாவுக்கு. தூவு.”

அவன் குழாய்கள்மேல் தூவி, மறுபடி தண்ணீர் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டான். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லா இடமும் வெள்ளையாகவே இருந்தது. கீழ்க் குழாயின் கிளிப் ஓரத்தில் மட்டும் ஒரு கறுத்த கோடு மெல்ல இறங்கியது. குழாய் நுனியில் நகம் அளவுக்கு வெடிப்பு. சூடு ஆறக் காத்திருந்து, அந்தக் கவ்வாத்துக் கத்தியால் வெடித்த நுனியை அறுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டி, கத்தி முனையாலேயே கிளிப்பை முடுக்கி, மறுபடி தண்ணீர் நிரப்பினான்.

“ஒங்க அய்யாகிட்ட நல்லபடியாப் போய்ச் சேருங்க” என்றார் அவர். நன்றி சொன்னோமா என்பதுகூட ஞாபகம் இல்லை.

அதன்பிறகு விளக்கு எரியவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டுத் தம்பி வண்டியை நிறுத்தப் போனான். வார்டு வாசலில் இருந்த நர்ஸ் மிஸ் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அப்பா கொஞ்சம் முன்னால்தான் போனாராம். கடைசிவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நேரம் கேட்டேன். நாங்கள் ரோட்டோரத்தில் குனிந்து திருநீற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

தம்பி ஓடி வந்தான். மூச்சு வாங்க என் முகத்தைப் பார்த்தான்.

“நாம கெளம்புறதுக்கு முன்னாலேயே போயிட்டாராம்டா” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். அப்பாவுக்காக மட்டும் அழுதான். பொட்டலத்தின் மடிப்பில் ஒட்டியிருந்த கொஞ்சத்தை அவன்தான் அப்பா நெற்றியில் பூசினான். அவன் விரலில் ரப்பர் கறை அப்படியே இருந்தது.

இப்போது அவன் பச்சைக் கூலன்ட்தான் ஊற்றுகிறான். தினமும் காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறான். அப்பா பேச்சு வந்தால், “நல்லவேள அக்கா, வண்டியால நம்ம லேட்டாகல” என்பான். நான் தலையாட்டுவேன். அவன் பத்திரிகை படிப்பவன் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் பெயர் போடாமல் இதை எழுதுகிறேன். கதவைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கண்ணை நான் ஒருத்தி சுமப்பதே போதும், அது அவனுக்கு வேண்டாம்.