மூடாத ஒரு விண்டோ

போன சனிக்கிழமை காலை எங்கள் ஏரியாவில் கரண்ட் இல்லை. பராமரிப்புக்காக அவ்வப்போது நிறுத்துவார்களே, அதுதான். கோரிப்பாளையம் கடைகளில் எல்லாம் ஜெனரேட்டர் சத்தம். எங்கள் வீட்டில் ஒரு வயசான இன்வெர்ட்டர். அதன் தயவில் ஹாலில் ஒரு ஃபேன், ஒரு லைட், இன்டர்நெட் மோடம்.

ஃபேனுக்குக் கீழே என் கணவர். மோடத்துக்குப் பக்கத்தில், லேப்டாப்போடு, என் மகள் அகிலா.

அகிலா வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. இன்னும் புரொபேஷன் முடியவில்லை. வெளியூர்க் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை இங்கிருந்தே கவனித்துக்கொள்ளும் வேலை. திரையில் படம் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்பாக ஒரு விண்டோ. அதில் வரி வரியாகக் கமாண்ட் அடிக்கிறாள்... ஓசூரில் ஒரு மருந்து குடோனில் இருக்கும் சர்வர் கீழ்ப்படிகிறது! நான் சொன்னால் பக்கத்து அறையில் இருப்பவர்கள்கூடக் கேட்பதில்லை.

அன்றைக்குச் சின்ன வேலைதான். குடோனில் புதிதாக ஒரு லேபிள் பிரிண்டர் மாட்டியிருந்தார்கள். யார் எதைத் தொடலாம் என்பதற்கு அந்த சர்வரில் குரூப் குரூப்பாகப் பிரித்து வைத்திருப்பார்களாம். பிரிண்டரைத் தொட வேண்டுமா? பிரிண்டர் குரூப்பில் இருக்க வேண்டும். ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமா? அட்மின் குரூப்பில் இருக்க வேண்டும். அகிலா அட்மின். சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் பெயரையும் பிரிண்டர் குரூப்பில் சேர்த்தாள். ஒரே ஒரு வரி.

சரியாகிவிட்டதா என்று பார்க்க இன்னொரு விண்டோ திறந்து உள்ளே போனாள். முகம் வெளுத்துவிட்டது.

பிரிண்டர் குரூப்பில் சேர்ந்திருந்தாள். ஆனால் அட்மின் உட்பட மற்ற எல்லாக் குரூப்பிலிருந்தும் வெளியே வந்திருந்தாள்!

"ஏன்டி, ஒண்ணுல சேர்ந்தா மத்ததுல இருந்து எதுக்குத் தூக்குது?"

"பழசோட சேத்துக்கோன்னு தனியாச் சொல்லணும்மா. சொல்லலைன்னா இனி இது மட்டும்தான் போலன்னு நெனச்சுக்கிரும். நான் சொல்ல மறந்துட்டேன்."

சொந்தக்காரர்கள் குரூப், தெரு குரூப், தண்ணீர் லாரி குரூப் என்று என் போனில் இருக்கும் கூட்டத்துக்கு இந்த வசதி வந்தால் எவ்வளவு நிம்மதி என்று நினைத்தேன். சொல்லும் நேரமா அது?

ஏனென்றால் அந்த சர்வருக்கு அட்மின் இவள் ஒருத்திதான். முன்பு இருந்தவர் வேலையை விட்டுப் போனதும் அவர் பெயரை நீக்கியதே இவள்தான். இப்போது கதவைத் திறக்க யாரிடமும் சாவி இல்லை. இனி ஆள் நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டும். அதுவரை புதுப் பிரிண்டரைத் தொட வேறு யாரையும் சேர்க்க முடியாது; மருந்துப் பெட்டிகள் லேபிள் இல்லாமல் நிற்கும். புரொபேஷனில் இருக்கும் பெண்ணை வேலையில் வைத்திருப்பார்களா?

டீம் லீடருக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. கண்கள் கலங்கிவிட்டன.

நான் சும்மா இருப்பேனா? டிவியோ, வாஷிங் மெஷினோ, செல்போனோ — எதற்கும் என்னிடம் ஒரே வைத்தியம். "எல்லாத்தையும் மூடிட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணுடி" என்றேன். பதற்றத்தில் அவளும் தலையாட்டினாள். இரண்டாவதாகத் திறந்த விண்டோவை மூடினாள். முதல் விண்டோவுக்கு விரல் போனது...

போன் அடித்தது. டீம் லீடர் முத்துராஜ். எழுமலை ஊர்க்காரர். ஸ்பீக்கரில் போட்டு, திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கமாண்ட் அடிச்ச விண்டோ இன்னும் தொறந்திருக்கா?"

"இருக்குண்ணே."

"அப்ப அத மூடிராதம்மா. உன்னைய வெளிய எடுத்த விசயம் அதுக்கு இன்னும் தெரியாது."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உள்ளே நுழையும்போதுதான் நாம் எந்தெந்தக் குரூப் என்று பார்ப்பார்களாம். நடுவில் பெயரை எடுத்துவிட்டாலும், வெளியே போய்த் திரும்பி வரும்வரை அந்த விண்டோ பழைய நினைப்பிலேயே இருக்குமாம். அதைப் பொறுத்தவரை அகிலா இன்னமும் அட்மின். மூடினால் போச்சு. இன்டர்நெட் அறுந்தாலும் போச்சு.

இன்டர்நெட் அறுந்தாலுமா?

சொல்லி வைத்தாற்போல இன்வெர்ட்டர் 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கியது. பேட்டரி மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தோமே... சுவிட்ச்போர்டுக்கு ஓடினேன். ஃபேனை நிறுத்தினேன். மனுசன் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்றார் கணவர். லைட்டை நிறுத்தினேன். அதற்கு அடுத்த சுவிட்ச் எதற்கு என்று ஞாபகம் இல்லை. விரல் மட்டும் அதன்மேல் போய் நின்றது.

"அம்மா... அது மோடம்."

அவள் கத்தவில்லை. மூச்சுக்கூட விடாமல், மெதுவாகச் சொன்னாள். ஒரு வாரம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்த சுவிட்ச்போர்டுப் பக்கம் போனால் என் கை பின்னால் போய்விடுகிறது.

பிறகு முத்துராஜ் சொல்லச் சொல்ல அகிலா அடித்தாள். தான் எந்தெந்தக் குரூப்பில் என்று பழைய விண்டோவிடமே கேட்டாள். அதுவும் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் ஒப்பித்தது. அத்தனையிலும் தன்னை மறுபடி சேர்த்தாள் — இந்த முறை, பழையதோடு சேர்த்துக்கொள் என்று மறக்காமல் சொல்லி. புதிதாக ஒரு விண்டோ திறந்தாள். அட்மின்!

முதல் வேலையாக முத்துராஜ் பெயரையும் அட்மினில் சேர்த்துவைத்தாள். சற்று நேரத்தில் மோடம் அணைந்தது. அணையட்டுமே!

மதியச் சாப்பாட்டின்போது எனக்குத்தான் ஓயவில்லை. எதற்கும் மேலதிகாரிக்கு ஒரு மன்னிப்பு மெயில் போட்டுவிடு, இனிமேல் கரண்ட் இல்லாத நாளில் கமாண்ட் பக்கமே போகாதே, ஒவ்வொரு வரியையும் என்னிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு அடி... அடுக்கிக்கொண்டே போனேன்.

அகிலா சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்தாள்.

"நீயும் அந்தப் பழைய விண்டோ மாதிரிதாம்மா. உன்னைய அட்மின்ல இருந்து எடுத்து எம்புட்டு நாளாச்சு! உனக்குத்தான் இன்னும் விசயம் தெரியல."

ஓடாத ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து என் கணவர் அப்படிச் சிரித்தார்.

சிரிக்கட்டும். அன்றைக்கு வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது எந்த விண்டோவாம்?