மாலி அக்காவின் அம்மா பாடிய தட்டு

பழைய இசைத்தட்டு விற்கிறவனுக்கு இரண்டு வருத்தங்கள் நிச்சயம்: ஒன்று குனிந்து குனிந்தே இடுப்பில் வரும் நாரிப்பிடிப்பு, மற்றது 'அடுத்த பெட்டிக்குள் இருக்கும்' என்ற நம்பிக்கை. முதலாவதற்கு ஜேர்மனியில் மருந்து உண்டு.

நான் ஹம் நகரத்தில் இருக்கிறேன். கிழமை நாட்களில் தொழிற்சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரோடெல்மார்க்ட், அதாவது பழைய சாமான் சந்தை. அங்கே மேசை போட்டுத் தட்டு விற்கிறேன். முழங்காலில் நின்று பெட்டி கிண்டி, விரல் நுனியெல்லாம் தூசியேறி, வீட்டுக்கு வந்து "ஒண்டும் கிடைக்கேல்லை" என்று சொல்லி ஏச்சு வாங்கியவர்களுக்கு நான் எழுதுவது விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நமக்குத்தான் அது பழகிப்போனதாயிற்றே.

கசெற்றுக்குள் ஒரு சின்னப் பெண்

சந்தையில் என் பக்கத்து மேசை மாலி அக்காவுடையது. கம்போடியாக்காரி. ரோல்ஸ் பொரித்து விற்கிறார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது உடைந்த ஜேர்மன் ஒன்றுதான். அதை இங்கே எங்கள் தமிழாக்கித் தருகிறேன். ஒருநாள் நல்ல மழை, சந்தையில் சனம் இல்லை. என் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றவர், "அன்ரன், உங்களிட்ட கெமர் பாட்டு வாறதில்லையோ?" என்று கேட்டார். கெமர் அவர்களுடைய மொழி. சண்டைக்கு முந்திய காலத்துத் தலைநகர் புனோம் பென்னில் அவருடைய அம்மா பாடகியாம். பெரிய பேரெடுத்தவர் இல்லை. பாடியது ஒரே ஒரு சின்னத் தட்டு. பிறகு நாடு கவிழ்ந்தது. ஆட்சியைப் பிடித்தவர்கள் பாடினவர்களையும் விட்டுவைக்கவில்லை, தட்டுகளையும் விட்டுவைக்கவில்லை. அம்மாவைக் கொண்டுபோனபோது மாலி அக்கா சின்னப் பிள்ளை. சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தாய்லாந்து எல்லையைக் கடந்து, முகாமில் கிடந்து, இங்கே வந்து சேர்ந்தவர். அம்மாவின் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

இருந்தது அம்மாவின் பாட்டுள்ள ஒரு கசெற். அமெரிக்காவுக்குப் போன கெமர் ஆட்கள் தப்பிக்கிடந்த தட்டுகளைப் பதிந்து விற்றவற்றில் ஒன்று. அடுத்த ஞாயிறு அதைக் கொண்டுவந்து என் றேடியோவில் போட்டார். டிக்கு டிக்கு என்று ஒரு மெஷின் மேளம். அதற்குப் பின்னால் எங்கேயோ, பள்ளிக்கூடப் பிள்ளை பாடுவதுபோல ஒரு மெல்லிய கீச்சுக் குரல். அந்த மேளம் அம்மாவின் காலத்துச் சாமான் இல்லை, ஆட்டத்துக்காகப் பிறகு யாரோ மேலே ஏற்றியது என்று எனக்கு உடனே பிடிபட்டது. சொன்னேன். மாலி அக்கா கசெற்றை வெளியே எடுத்து, ஏப்ரனில் துடைத்தபடி கேட்டார்: "அப்ப மேளத்தை எடுத்துப்போட்டு அம்மாவை மட்டும் தர ஏலாதோ?"

ஆஹெனில் கிடைத்த புதையல்

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. ஆஹெனில் இறந்துபோன ஒரு பேராசிரியரின் வீட்டைக் காலி செய்கிறார்கள், ஆசிய எழுத்துப் போட்ட தட்டுகள் ஒரு பெட்டி இருக்கிறது என்று இணையத்தில் விளம்பரம் கண்டேன். படத்தில் வளைவு வளைவாக எழுத்து. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சில்லு வைத்த பையை இழுத்துக்கொண்டு ரயிலேறினேன். ஒரு ரயில் பிந்தி, அடுத்தது வராமலே போய், கடைசியில் பெட்டியோடு திரும்பினேன். வழியிலேயே மாலி அக்காவுக்குப் போன் அடித்து, "கிடைச்சிட்டுது!" என்று கத்தியும் விட்டேன்.

ஞாயிறு விடிய, நான் மேசை விரிக்க முதல் அவர் வந்து நின்றார். எண்ணெய் தெறிக்கிற அந்தப் பழைய உடுப்பு இல்லை. பட்டுச் சட்டை, தலைவாரி, காதில் தோடு. பெட்டியைத் திறந்து முதல் உறையைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். பிறகு மெல்ல மூடினார். எல்லாம் தாய்லாந்துத் தட்டுகள். தங்கள் எழுத்தின் தலையில் முடிபோல ஒரு சுழி இருக்கும், தாய்லாந்து எழுத்தின் தலையில் வட்டம் இருக்கும் என்று விரலால் காட்டித் தந்தார். அழுவார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவரோ தோட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "சிங்களத்தைக் காட்டி, இந்தா உன்ர தமிழ் எண்டு ஒருத்தன் தந்தா, நீங்கள் என்ன செய்வியள், அன்ரன்?"

பிராங்பேர்ட்டுக் கனவான்

பிராங்பேர்ட்டில் தட்டுக்காரர்களின் கண்காட்சி ஒன்று நடக்கும். உங்களில் போனவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். ஒருவரும் ஒருவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, எல்லார் கண்ணும் பெட்டிக்குள்தான். அங்கே ஒரு கனவானிடம் உண்மையான கெமர் தட்டுகளே இருந்தன. தலையில் முடி வைத்த எழுத்து! மாலி அக்கா தன் அம்மாவின் பெயரை எழுதித் தந்த துண்டை நீட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இல்லை.

எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அங்கே வேலைக்குப் போய்வந்த ஜேர்மன்காரரின் வீடுகளில், முக்கியமாகப் பழைய கிழக்கு ஜேர்மனிப் பக்கத்தில், என்றார். அந்த ஒரு வசனத்துக்காக அவருக்கு நான் நன்றியுள்ளவன். சரி, அம்மா இல்லாவிட்டாலும் அந்தக் காலத்து மேளம் எப்படியிருக்கும் என்றாவது கேட்போமே என்று, ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னேன். மனுசன் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தான் ஒருநாளும் போட்டதில்லையாம், ஊசி பட்டால் தேய்ந்துவிடுமாம். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. எத்தனை பேரின் தொண்டையை அடைத்த பிறகு மிஞ்சிய பாட்டு, அதை இவரும் பிளாஸ்ரிக் உறை போட்டு அடைக்கிறார். அவர் என்னைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொன்னார்: "இதுகள் கேக்கிறதுக்கு இல்லை, வைச்சிருக்கிறதுக்கு."

ஜெசிந்தாவின் தீர்ப்பு

அன்றிலிருந்து தட்டுத் தேடுவதை விட்டு ஆள் தேடத் தொடங்கினேன். 'சண்டைக்கு முன் புனோம் பென்னில் வேலை செய்தவர்கள் யாராவது உண்டா?' என்று கிழக்குப் பக்கத்து இலவசப் பேப்பர்களில் விளம்பரம் போட்டேன். என் மனைவி ஜெசிந்தா வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவள், பொறுமைக்குப் பேர்போனவள். அவளுக்கே பொறுமை போய்விட்டது. "உங்களுக்கென்ன விசரே? எங்கட பாட்டையே பிள்ளையள் கேக்குதுகளில்லை, நீங்கள் ஆரின்ரையோ அம்மாவைத் தேடுறியள்" என்றாள்.

நான் உண்மையைச் சொன்னேன். மன்னாரில் கண்ணை மூடிய என் அப்பாவின் முகம் எனக்கு நினைவிருக்கிறது, நடை நினைவிருக்கிறது, கோபம்கூட நினைவிருக்கிறது. குரல் இல்லை. எத்தனையோ நாள் குசினியில் கோப்பை கழுவும் சவர்க்கார நுரைக்குள் கையை வைத்தபடி நின்று யோசித்திருக்கிறேன், என் பேரை அவர் எப்படிக் கூப்பிடுவார் என்று. வாய் அசைவது தெரிகிறது, சத்தம் வருவதில்லை. எனக்கு அதைத் தேட ஒரு பெட்டியும் இல்லை, சந்தையும் இல்லை. மாலி அக்காவுக்கு இருக்கிறதே! எங்கேயோ ஒரு வீட்டு அலுமாரியில் அவருடைய அம்மா வாய் திறக்கக் காத்துக்கொண்டிருக்கிறாரே! ஜெசிந்தா தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். பிறகு சொன்னாள்: "தேடுங்கோ. ஆனா படுக்கையறைக்குள்ள பெட்டி வந்துதெண்டா, நானும் ஆள் தேடி விளம்பரம் போடுவன்."

லைப்சிக்கில் ஒரு வீடு

விளம்பரத்துக்கு வந்த போன்களில் பாதி, வியட்நாமில் இருந்தவர்கள். ஒன்று, தனிமையில் பேச ஆள் தேடிய ஒரு முதியவர். கடைசியாக லைப்சிக்கிலிருந்து ஒரு விதவை. கணவர் இளவயதில் புனோம் பென்னில் வேலை செய்தவராம். போனேன். உடுப்புத் தோய்க்கிற அறை அலுமாரியில் ஒரு சின்னக் கட்டு. மூன்றாவது உறையில், துண்டில் இருந்த அதே பெயர், அதே எழுத்து. ஆஹென் பாடம் படித்தவன் அல்லவா, கத்தவில்லை. படமெடுத்து மாலி அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. மூச்சுத்தான் முதலில் கேட்டது. "போட்டிட்டியளோ?" என்றார். இல்லை என்றேன். "போடாதேங்கோ. நான் கேக்க முதல் ஒருத்தரும் கேக்க வேண்டாம்."

போட்டுப் பார்க்காமல் தட்டு வாங்காதே என்பது எங்கள் தொழிலின் முதல் சட்டம். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே கரகரப்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். முன்னறையின் மூலையில் தட்டுப் போடுகிற பிளேயர் வேறு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டத்தை மீறினேன். அந்தம்மா தட்டைப் பழைய பேப்பரில் சுற்றி என் கையில் தந்தார், விடவும் மனமில்லாமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றார். "இவர் இதைப் போட்டா நான் குசினிக் கதவைச் சாத்திப்போடுவன், அவ்வளவு எரிச்சல். இப்ப அவரும் இல்லை, இந்த மனுசியும் போறா."

சரியான வேகம்

ஞாயிறு சந்தை முடிந்த கையோடு மாலி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. ஜெசிந்தா குசினிக்குப் போனாள். நான் ஊசியை இறக்கினேன். கொஞ்சம் கரகரப்பு, ஒரு கிற்றார், அந்தக் காலத்து உண்மையான மேளம், பிறகு குரல். கனத்த, ஆழமான, அவசரமில்லாத ஒரு முழுப்பெண்ணின் குரல். மாலி அக்காவின் முகம் இறுகியது. "இது அம்மா இல்லை" என்றார்.

வேகத்தைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பாட்டும் அதே பாட்டு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கசெற் போட்டவர்கள் மேளத்தை மட்டும் ஏற்றவில்லை, ஆடுவதற்கு வசதியாகப் பாட்டையும் ஓட விட்டிருக்கிறார்கள். ஓடினால் குரல் மெலியும். வேகத்தைக் கூட்டும் பிடியை மேலே தள்ளிக் காட்டினேன். கசெற்றுக் குரல் வந்தது. "இதுதான்!" என்று மாலி அக்கா என் கையைப் பிடித்தார். மெதுவாகப் பிடியைக் கீழே இழுத்தேன். அந்தச் சின்னப் பெண் எங்கள் முன்னாலேயே வளர்ந்து பெரிய மனுசியாகி நின்றாள். மாலி அக்கா என் கையை விட்டுவிட்டுப் போய், ஸ்பீக்கருக்கு முன்னால் நிலத்தில் குந்தினார். இவ்வளவு காலம் வைத்திருந்த அம்மாவையும் பறித்துவிட்டேனோ என்று பிடியிலிருந்து கையை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து, தேத்தண்ணித் தட்டத்தோடு வந்த ஜெசிந்தா கதவடியில் அப்படியே நின்றுவிட்டாள். மாலி அக்காவின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. "அக்கா, நீங்கள் இவ்வளவு வடிவாப் பாடுவியள் எண்டு இவ்வளவு நாளும் சொல்லேல்லையே!" என்றாள்.

மாலி அக்கா தன் தொண்டையில் கையை வைத்தார். பாட்டு முடியும்வரை கை அங்கேயே இருந்தது, கண்ணீர் அதன்மேல் வழிந்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்: "கசெற்றில பாடினது எனக்குத் தங்கச்சி மாதிரி. இவதான் அம்மா. இன்னொருக்காப் போடுங்கோ."

ஒரு குரலைத் தேடி ஜேர்மனி முழுக்க ரயிலேறித் திரிந்தவன், அதே குரல் ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்து மேசையில் நின்று "ரோல்ஸ் சூடாக் கிடக்கு!" என்று கூவியதைக் கவனிக்காமல் விட்டதற்கு, எங்கள் தொழிலில் கூர்மையான காது என்று பெயர்.