ஸால்ட் பீஃப் தேடிப் போன வெள்ளிக்கிழமை

அந்த ஆண்டு லண்டனில் ரயில் ஏறினால் ஆட்கள் முதலில் என் பையைத்தான் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்தது அதற்குப் பிறகு. 2005 ஜூலையில் ரயில்களில் குண்டுகள் வெடித்த பின் வந்த பழக்கம் அது. பக்கத்தில் இடம் இருந்தாலும் சிலர் நின்றுகொண்டே வந்தார்கள். யாரோ ஒருவரைப் பிழையாக நினைத்துப் போலீஸ் ரயிலுக்குள்ளேயே சுட்டுவிட்ட செய்தியும் வந்திருந்தது. அதனால் எனக்கு இரண்டு பயங்கள். யாராவது குண்டு கொண்டு வந்திருப்பார்களோ என்பது ஒன்று. என்னையே அப்படி நினைத்துவிடுவார்களோ என்பது மற்றது. இரண்டாவதுதான் பெரிய பயம். மண்ணிறத் தோலும் தோளில் ஒரு பையுமாக இந்த நகரத்தில் நடமாடிய எவருக்கும் இது புரியும்.

நாங்கள் லண்டனுக்கு நேரே வந்தவர்கள் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், ஒரு சிறு பட்டணத்தில் பதினைந்து வருடங்கள் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று இல்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள். வந்த புதிதில் எனக்கு ஆங்கிலத்தைவிட ஜெர்மன் நன்றாக வரும். பிள்ளைகளை ஏசுவதுகூட ஜெர்மனில்தான். அப்படி ஒருநாள் வாசலில் நின்று, தெருவில் இறங்கி ஓடிய சின்னவனை "நில்! உடனே இங்கே வா!" என்று ஜெர்மனில் கத்தினேன். பக்கத்து வீட்டு வாசலில் பால் எடுக்கக் குனிந்த ஒரு வயதான பெண் போத்தலைக் கைவிட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சங்கிலி பூட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. நிறத்துக்காகத்தான் பயப்படுகிறார் என்று நினைத்து அன்று முழுவதும் மனம் கொதித்தது.

அவர் பெயர் ஹன்னா. பெர்லினில் பிறந்த யூதப் பெண். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன், நாஜிகளிடமிருந்து தப்ப, வேறு பிள்ளைகளோடு ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். அனுப்பி வைத்த தாய் தகப்பனை அதற்குப் பிறகு அவர் காணவில்லை. இதெல்லாம் எனக்கு மெல்ல மெல்லத்தான் தெரிய வந்தது. ஒருநாள் அவர் வீட்டில் மின்சாரம் நின்றுபோய் உதவிக்கு வந்து கதவைத் தட்டினார். என்ன பழுது என்று எனக்குத் தெரிந்தது. ஆங்கிலச் சொல் வாயில் வரவில்லை. 'ஸிஹெரூங்' என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். ஹன்னா ஆங்கிலத்தில், "இங்கே அதை ஃபியூஸ் என்பார்கள்" என்றார். நான் ஜெர்மன் பேசினால் அவருக்கு விளங்கும். ஆனால் அந்த மொழியில் ஒரு சொல்கூடத் திருப்பிச் சொல்லமாட்டார். வாசலில் நின்று ஜெர்மன் பேசக்கூடாது என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தேன்.

அந்த நவம்பரில் ஹன்னா சமையலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவருக்கு வேறு யாரும் இல்லை. கணவர் எப்போதோ இறந்துவிட்டார். பிள்ளைகள் கிடையாது. "என்னவோ மொழியில் பேசுகிறார், எங்களுக்கு விளங்கவில்லை" என்றார் தாதி. போய்ப் பார்த்தால், அத்தனை வருடங்களும் பூட்டி வைத்திருந்த ஜெர்மன் முழுக்க வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு சிறுமியின் ஜெர்மன். தட்டில் வைத்த எதையும் தொடவில்லை. யூத முறைப்படி சமைத்து மூடிக் கொடுத்த சாப்பாட்டையும் தள்ளிவிட்டார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டிவரும் என்றார் டொக்டர்.

"என்ன சாப்பிடுவீங்கள்?" என்று ஜெர்மனில் கேட்டேன்.

"ஸால்ட் பீஃப். சூடாக. ரை பாணில், கடுகு விழுதோடு. உண்மையான கடையிலிருந்து." இதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். ரை என்ற தானியத்தில் சுட்ட கறுத்த ரொட்டியில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் வாங்கி வருவாராம்.

உண்மையான கடை என்று அவர் சொன்னது டெலியை. உப்புநீரில் ஊறவைத்து அவித்த மாட்டிறைச்சியும், ஊறிய வெள்ளரிக்காயும், மீன் வகைகளும் விற்கிற, இரண்டு மேசை போட்டிருக்கிற பழைய யூதக் கடை. ஒரு காலத்தில் எங்கள் பக்கமெல்லாம் அவை இருந்தனவாம். கான்ட்ஸ் ஹில்லில் கணவர் வாங்கிய கடையைத் தேடிப் போனேன். அங்கே கைத்தொலைபேசி விற்றார்கள். நகரத்துக்குள் ஒரு கடையில் 'டெலி' என்று பெரிய எழுத்தில் கண்டு சந்தோஷத்தோடு நுழைந்தேன். கண்ணாடிக்குள் முதலில் இருந்ததே பன்றியிறைச்சி. யூதருக்கு ஆகாதது அது என்று எனக்கே தெரியும். கடைசியில் ஒரு வெதுப்பகத்தில் நின்ற பெண்தான் கோல்டர்ஸ் கிரீனில் ஒரு கடையைச் சொன்னார். "பழைய ஆட்கள் இன்னும் அங்கேதான் போவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் மத்தியானத்தோடு பூட்டிவிடுவார்கள்" என்றார்.

எனக்கு வேலையில் லீவு கிடைத்ததோ வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் அன்று மீன், இறைச்சி என்று மச்சமே கிடையாது. மாட்டிறைச்சி எந்த நாளும் கிடையாது.

"இண்டைக்கு விரதமெல்லே? அதையே தூக்கிக்கொண்டு வரப்போறீர்?" என்றார் என் கணவர்.

"வீட்டுக்குக் கொண்டு வரேல்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போறன்."

"அதில்லையப்பா. இந்த நேரத்தில பையும் தூக்கிக்கொண்டு ரயில்ல அவ்வளவு தூரம்..." முடிக்காமல் நிறுத்தினார். முடித்திருந்தால் நான் போயிருக்கமாட்டேன். இறைச்சி சூடாறாமல் இருக்க அகன்ற வாயுள்ள ஒரு ஸ்டீல் பிளாஸ்க்கைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்தேன். வைக்கும்போது அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

வழியில் ஒரு நிலையத்தில் எவரோ பையை மறந்து விட்டுவிட்டுப் போக, எல்லோரையும் இறக்கி மேலே அனுப்பினார்கள். படியேறும்போது நான் என் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அணைத்தால் சந்தேகப்படுவார்களோ என்று தொங்கவிட்டேன். பிறகு மறுபடி அணைத்தேன். கோல்டர்ஸ் கிரீனில் இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

அந்தத் தெருவில் நின்று கடைகளின் பெயர்களைத் தேடினேன். பல பலகைகளில் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. ஓரிடத்தில் நின்று மேலே பார்ப்பதும், கொஞ்சம் நடப்பதும், திரும்பி வருவதுமாக இருந்தேன். நான் நின்ற இடம் ஒரு யூதப் பள்ளிக்கூடத்தின் வாசல் என்பதைக் கவனிக்கவில்லை. வாசலில் காவலுக்கு நின்ற உயரமான ஒருவர் என்னிடம் வந்தார்.

"உங்களுக்கு நான் உதவலாமா?" என்றார் ஆங்கிலத்தில்.

இந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு 'இங்கே உனக்கு என்ன வேலை?' என்று பொருள் இருக்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. உதவிதான் செய்ய வருகிறார் என்று எண்ணினேன். "ஓம், ஓம், ப்ளீஸ்" என்று சொல்லிக்கொண்டே, என்ன வாங்க வந்தேன் என்று காட்டுவதற்காகப் பைக்குள் கையை விட்டேன். துவாய் விலகி ஸ்டீல் மினுங்கியது.

"கையை வெளியே எடு! மெதுவாக! வெளியே எடு!"

இரண்டு கைகளும் தாமாகவே தலைக்கு மேலே போய்விட்டன. அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வவுனியாவில் இராணுவம் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் நிறுத்தும்போது இப்படித்தான் நிற்போம். அங்கே பயம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். பேசினால் குரலிலிருந்தே ஊரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் அடையாள அட்டையை எடுக்கப் பைக்குள் கைவிட்டபோது துப்பாக்கி அவள் பக்கம் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அவளும் என்னைப் போலத்தான் உதவியாக இருக்க நினைத்தாள்.

ஆனால் இப்போது என் வாய் மூடவில்லை. "தயவுசெய்து சுடாதீங்கள், சாப்பாட்டுப் பாத்திரம், வெறும் சாப்பாட்டுப் பாத்திரம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஜெர்மனில். ஒரு யூதப் பள்ளிக்கூடத்தின் வாசலில், ஜெர்மனில். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கம்பிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக வந்துகொண்டிருந்த பிள்ளைகளை ஓர் ஆசிரியை அவசரமாக உள்ளே திருப்பினார். என்னைக் கண்டுதான் பிள்ளைகளை ஒளிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியது. என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து ஒருவரும் அப்படி ஓடியதில்லை.

அடுத்த கதவைத் திறந்துகொண்டு, மேலங்கியில் கடுகுக் கறையோடு ஒரு கிழவர் வந்தார். காவலரிடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். என்னிடம் ஜெர்மன் போலவும் ஜெர்மன் அல்லாதது போலவும் ஒரு மொழியில் கேட்டார். அது ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழி என்று பின்னால் அறிந்தேன்.

"சாப்பாட்டுப் பாத்திரமா? யாருக்குச் சாப்பாடு?"

"ஹன்னாவுக்கு" என்றேன், அவருக்கு ஹன்னாவைத் தெரியும் என்பது போல. "ஆஸ்பத்திரியில் இருக்கிறா. ஸால்ட் பீஃப் வேணுமாம்."

கிழவர் குனிந்து துவாயை விலக்கி, பிளாஸ்க்கை எடுத்துத் திறந்து, காவலருக்குத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. அதற்குப் பிறகுதான் கையை இறக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

நான் தேடிய கடை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த கதவுதான், நல்ல காலம் இன்னும் பூட்டவில்லை. உள்ளே கராம்பும் உள்ளியும் மணத்தன. வேறு வாசனையாக இருக்கும் என்று பயந்துகொண்டு வந்தவளுக்கு அது எங்கள் குசினியின் மணத்துக்குக் கிட்ட இருந்தது. கிழவர் என்னை உட்கார வைத்து, எலுமிச்சை போட்ட தேநீர் தந்தார். ஆவி பறக்கும் பெரிய இறைச்சித் துண்டை எடுத்து நீளக் கத்தியால் அரியத் தொடங்கினார். கொழுப்போடா, கொழுப்பில்லாமலா என்று கேட்டார். நான் சாப்பிடுவதில்லை, தெரியாது என்றேன்.

"அவருக்கு என்ன வயது?"

"எண்பதைத் தாண்டிவிட்டா."

"அப்படியென்றால் கொழுப்போடுதான்."

காவலர் கதவடியில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர், "என் மகள் அங்கே படிக்கிறாள்" என்று மட்டும் சொன்னார். "எனக்கும் பிள்ளைகள் இருக்கு" என்றேன். அவரிடம் கோபப்பட என்னால் முடியவில்லை. அவரை மன்னிக்கவும் அன்று முடியவில்லை. இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு எழுந்தேன். கிழவர் என்னோடு நிலையம் வரை நடந்து வந்து, ரயில் வரும் மட்டும் நின்றுவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் பிளாஸ்க்கைத் திறந்ததும் ஹன்னா கண்ணைத் திறந்தார். கிழவர் கட்டித் தந்த பாணில் இறைச்சியை வைத்து, கடுகு தடவி, சின்னத் துண்டாக வெட்டிக் கையில் கொடுத்தேன். மாட்டிறைச்சியை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. விரதம் முறிந்ததா என்று கடவுள்தான் சொல்ல வேண்டும். மெல்ல மென்றார். இன்னொரு துண்டு கேட்டார். "கடுகு காரம் போதாது" என்று ஆங்கிலத்தில் குறை சொன்னபோது தாதி சிரித்துவிட்டார். குழாய் விடும் பேச்சு அதோடு நின்றது. ஹன்னா அந்தக் குளிர்காலத்தைக் கடந்து வீடு திரும்பினார். எங்கள் பக்கத்து வீட்டில் இன்னும் சில வருடங்கள் இருந்தார்.

ஆனால் அன்று சாப்பிட்டு முடித்ததும் அவர் என் கையைப் பிடித்து இழுத்து, ஜெர்மனில், மிக மெல்லிய குரலில் கேட்டார்.

"அவர்கள் வெளியே நிற்கிறார்களா?"

எவர்கள் என்று நான் கேட்கவில்லை. "இல்லை" என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லியிருக்கலாம். பார்க்காமல் சொல்கிறவரை நம்பக்கூடாது என்பது எனக்குத் தெரியும். எழுந்து போய்க் கதவைத் திறந்து, தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் உண்மையாகவே பார்த்துவிட்டு வந்தேன். "ஒருவரும் இல்லை" என்றேன். அப்போதுதான் கையை விட்டார்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வெள்ளி இருட்டும்போது யூதர் தங்கள் ஓய்வுநாளுக்கு ஏற்றுகிற இரண்டு சிறிய மெழுகுதிரிகளைத் தாதி கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆஸ்பத்திரியில் நெருப்பு ஆகாது, பற்றரியில் எரிபவை. ஹன்னா இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கண்ணை மூடினேன். இல்ஃபோர்டில் என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்திருப்பார்கள். சாமியறையில் விளக்கேற்ற ஆளில்லை. ஜெர்மனியில் நாங்கள் இருந்த மாடிவீட்டில் இப்போது யாரோ குடியிருக்கிறார்கள். ஊரில் எங்கள் வீடு இராணுவ வேலிக்குள் கிடக்கிறது, அதன் கூரை இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. எந்த வீட்டை நினைத்துக் கும்பிடுவது என்று தீர்மானிக்க முடியாமல், ஹன்னாவின் முணுமுணுப்பு ஓயும் வரை கண்ணைத் திறக்காமலே இருந்தேன்.