பாவு நூல் சுத்தின வெந்நீர்க் குழாய்

எனக்கு எழுபத்தெட்டு வயசு. அஞ்சு பிள்ளைகளை வளர்த்தேன். அஞ்சு பேரையும் நான்தான் குளிப்பாட்டினேன். என்னை இன்னொருத்தர் குளிப்பாட்டுற நிலைமை வரக்கூடாது, அது ஒண்ணுதான் இப்போ மிச்சமிருக்கிற ஆசை. முட்டி மடங்க மாட்டேங்குது. காலையில் வெந்நீர் ஊத்தினால்தான் கால் நடக்கவே சம்மதிக்கும். அதுக்காக மூத்தவன் குளியலறையில் ஹீட்டர் மாட்டிக் கொடுத்தான்.

ஹீட்டரையும் சுவர்க் குழாயையும் சேர்க்க வெள்ளை பிளாஸ்டிக் டியூப் போட்டிருந்தது. கை கழுவுற தொட்டிக்குப் போடுவாங்களே, அதுதான். வெந்நீர் வர்ற பக்கமும் அதையே மாட்டிவிட்டாங்க. கொஞ்ச நாளில் டியூப்போட கழுத்துப் பக்கம் சொட்டுச்சு. எங்களுது தறி ஓடுற வீடு. எது விட்டுப்போனாலும் நூலை எடுத்துக் கட்டித்தான் பழக்கம். மூத்தவனே தறியில் ஓட்டுற பாவு நூலை எடுத்து இறுக்கிச் சுத்தினான். சொட்டு நின்னுட்டு. ஆனா சூட்டில் பிளாஸ்டிக் இளக இளக நூல் அதை அறுத்திருக்கு. நான் உள்ளே நிக்கும்போதே வெந்நீர் பிய்ச்சுக்கிட்டு அடிச்சது. வலது பாதம் கொப்புளிச்சுப் போச்சு.

"எம்மா, இனி தாழ்ப்பாள் போடாத. ஒன் மருமக கூட நிக்கட்டும். இல்லன்னா ஹீட்டரைக் கழட்டிருதேன்" என்றான்.

"ஏலே, நூலைச் சுத்தினது நீ. தாழ்ப்பாள் என்னல பண்ணிச்சு?"

கால் ஆறுற வரைக்கும் மருமகள்தான் ஊத்திவிட்டா. நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. நான் சுவரைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பேன்.

புண் ஆறினதும் பேத்தியைக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்கு நானே போனேன். போய்ச் சேர்றதுக்குள்ள பாதி உயிர் போயிட்டு. கடைக்காரர் கம்பி வலை பின்னின டியூப் ரெண்டு எடுத்துப் போட்டார். ஒண்ணை வளைச்சேன். பின்னல் விரிஞ்சு உள்ளே கறுப்பு ரப்பர் தெரிஞ்சது.

"என்ன ஆச்சி, சேலையா எடுக்கிய?"

"சேலை கிழிஞ்சா மானம் மட்டுந்தான் போவும். இது கிழிஞ்சா தோலும்லா போவும்."

இன்னொண்ணு நல்ல நெருக்கமான நெசவு. வளைச்சும் விரியல.

"அது ஸ்டீல் கம்பி, துரு ஏறாது. ஆனா பின்னலை மட்டும் பாக்காதிய ஆச்சி. உள்ள இருக்க டியூப்பு சூடு தாங்கணும்லா? அட்டையில போட்டிருக்கும்" என்றார்.

அட்டையில் எல்லாம் இங்கிலீஷ். "ஏட்டி, வெந்நீருக்குன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு ஆச்சி."

"இன்னொரு தடவ வாசி."

வாசிச்சா. வாங்கினோம். பிளம்பர் வந்து புது வாசர் வெச்சு, டியூப் முறுக்காம மடங்காம மாட்டினார். மகன் பக்கத்தில் நின்னான். "நூல் வேணுமால?"ன்னு கேட்டேன். சிரிக்கல.

இன்னைக்குக் காலையில் தாழ்ப்பாள் போட்டுக் குளிச்சேன். மருமகள் கதவுகிட்ட வந்து நின்னு நின்னு போனா. நான் கூப்பிடல. பாதி முதுகுக்குக் கை எட்டல. கெடந்துட்டுப் போகட்டும்.

எழுத்துக் கூட்டி எழுதி விரல் வலிக்கு. ஏட்டி, இதையும் வாசிச்சுக் காட்டு. தாழ்ப்பாள்னு எழுதினது சரியா இருக்கான்னு பாரு.