யாருக்கும் ஒதுக்காத பாதி டிஸ்க்

கணினியில் இயங்குதளம் ஏற்றும்போது திரையில் ஒரு கேள்வி வரும்: டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாமா? ஒன்பது வருடமாக ரம்லத்தின் விரல் ‘வேண்டாம்’ மேல்தான் விழுகிறது. கல்லூர்க்கடவு தாலுகா ஆஸ்பத்திரியில் அவள் ஒப்பந்த டெக்னீஷியன். பிடிவாதத்துக்கு மட்டும் நிரந்தர உத்தியோகம்.

மே மாதம் புது சர்வர் வந்தது. பின்னால் நீட்டிக்கொள்ளும்படி லேபுக்குக் கொஞ்சம், எக்ஸ்ரேக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தாள். மீதிப் பாதியை யாருக்கும் கொடுக்கவில்லை. நீட்ட ஒரு வரிக் கட்டளை அடித்தால் போதும், வேலை நிற்காது. கொடுத்ததைக் குறைப்பதுதான் பெரிய ரோதனை. எல்லாவற்றையும் நிறுத்தியாக வேண்டும்.

ஸ்டோர் அதிகாரி சசிதரன் சரிபார்க்க வந்தார். பில்லில் நான்கு டெராபைட், திரையில் இரண்டு.

“மீதி எங்க? டிஸ்க்க மாத்திட்டியா? திருட்டு வேலையெல்லாம் எங்கிட்ட வேணாம்.”

“உள்ளதான் இருக்கு சாரே. கழட்டிக் காட்டவா?”

“காட்ட வேணாம். திரையில நாலு தெரியணும். பூராவையும் எக்ஸ்ரேக்குப் போடு.”

“உங்க வீட்ல அப்பத்துக்கு மாவு கரைச்சா, பாத்திரம் வழியறவரைக்குமா ஊத்தி வெப்பாங்க?”

எக்ஸ்ரே அறை லிஸம்மா சிரித்துத் தொலைத்தாள். மறுநாள் மெமோ வந்தது. மாதக் கடைசிக்குள் விளக்கம் தராவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

“தெரியாம பண்ணிட்டேன்னு எழுதிக் குடுத்துடேன்டி. வேலை போயிடும்,” என்றாள் லிஸம்மா.

“தெரிஞ்சுதான் சேச்சி பண்ணினேன்.”

வேலையைவிட அந்தத் ‘திருட்டு’தான் அவளுக்கு நெஞ்சில் எரிந்தது. மெமோவை மடித்துப் பையில் போட்டாள்.

மழை பிடித்தது, காய்ச்சல் கூட்டம் வந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஏறியதால் அவர்களுடைய லேபின் ரத்த ஸ்லைடு படங்களும் இங்கேயே வந்து சேர்ந்தன. மாதக் கடைசி நாள் காலை பத்து மணிக்கு இடம் நிரம்பியது, எக்ஸ்ரேக்கு அல்ல, லேபுக்கு. ரத்த முடிவு எதுவும் பதிவாகவில்லை. வராந்தாவில் அறுபது பேர்.

சசிதரன் ஓடி வந்தார். “சர்வர நிறுத்தினா எவ்ளோ நேரமாகும்?”

“எதுக்கு நிறுத்தணும்?” ரம்லத் ஒரே ஒரு வரி அடித்தாள். லேப் பிரிண்டர் கரகரவென்று ஓடத் தொடங்கியது.

அவர் மூச்சு விட்டார். “அப்ப மிச்சத்தையும் லேபுக்கே குடுத்துடு.”

“மாட்டேன்.”

பையிலிருந்து மெமோவை எடுத்து, விளக்கத்துக்கு விட்டிருந்த இடத்தில் எழுதினாள்: ‘டிஸ்க் காணாமல் போகவில்லை. ஒதுக்காமல் வைத்தது நான். இன்று கொஞ்சம் லேபுக்குக் கொடுத்தேன். இனியும் இப்படித்தான் வைப்பேன்.’

“சாரே, திருட்டுன்னு சொன்னீங்கல்ல? அதத் திரும்ப எடுத்துக்குங்க.”

சசிதரன் தரையைப் பார்த்து ஏதோ முனகினார்.

“கேக்கல.”

“நான் சொன்னது தப்பு.”

“வராந்தாவுக்குக் கேக்கணும் சாரே. அன்னிக்கு அங்க வரைக்கும் கேட்டுச்சு.”

அவர் கதவு வரை போய், இன்னொரு முறை சொன்னார்.